பழைய மருந்துச் சீட்டும் புதிய மருத்துவ நெறியும்



நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சென்ற ஆண்டு பிள்ளைக்குச் சளியும் இருமலும் வந்தபோது மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை அலமாரியில் பத்திரமாக மடித்து வைத்திருப்போம். இந்த ஆண்டும் அதே இருமல் வந்தால், அதே சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு ஆள் அனுப்புவோம். மூத்த பிள்ளைக்கு எழுதியது இளைய பிள்ளைக்கும் ஆகும். அண்டை வீட்டுக் குழந்தைக்கும் அதிலிருந்து இரண்டு கரண்டி போகும். கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் போன்ற கடற்கரை ஊர்களாக இருந்தால், வெளிநாட்டிலிருந்து வரும் சபுராளிகளின் பெட்டியில் வந்த தைலமும் இருமல் மருந்தும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். அறந்தாங்கியானாலும் அன்னவாசலானாலும் இந்தப் பழக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

"டாக்டர் எழுதிய மருந்துதானே! அதில் என்ன தவறு இருக்கப் போகிறது?" என்று நீங்கள் கேட்கலாம்.

தவறு மருத்துவரிடம் இல்லாமல் இருக்கலாம். மருந்திலும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தச் சீட்டு எழுதப்பட்ட நாளுக்குப் பிறகு மருத்துவ உலகம் தன் கருத்தை மாற்றிக்கொண்டிருந்தால்? நேற்றுவரை கொடுக்கலாம் என்றிருந்த மருந்தை இன்று கொடுக்கக் கூடாது என்று அறிவித்திருந்தால்? அந்த அறிவிப்பு மருத்துவரை எட்டியிருக்கும். அலமாரியில் மடித்து வைத்த சீட்டை எட்டாது. இக்கட்டுரை அதைப் பற்றியதுதான்.

நான் மருத்துவன் அல்லன். மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஆசிரியன். நாள்தோறும் நாற்பது ஐம்பது குழந்தைகள் என் முன்னே இருமிக்கொண்டும் தும்மிக்கொண்டும் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் வீட்டில் என்ன மருந்து புகட்டப்படுகிறது என்பது என் காதுக்கும் வருகிறது. ஆகவே குழந்தை மருத்துவ நெறிகள் எப்படி உருவாகின்றன, ஏன் மாறுகின்றன என்பதை ஆர்வத்துடன் படித்து வந்தேன். அறிந்துகொண்டவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

நெறி என்பது யாது?

ஒரு நோய்க்கு இன்ன சிகிச்சை அளிக்கலாம், இன்னது கூடாது என்று அறிஞர் குழுவொன்று ஆராய்ந்து வகுத்துத் தருவதே மருத்துவ நெறி. உலக அளவில் உலக சுகாதார நிறுவனம் இதைச் செய்கிறது. நம் நாட்டில் 1963-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் இப்பணியில் ஈடுபட்டுள்ளது. 2022-இல் அது பல நோய்களுக்கான சிகிச்சை நெறிகளை வரிசையாக வெளியிட்டது. அரசாங்கமும் தன் மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் நெறிகளை வகுக்கிறது.

முற்காலத்தில் அனுபவம் மிக்க பெரிய மருத்துவர் ஒருவர் சொன்னால் அதுவே நெறியாக இருந்தது. இன்று அப்படியன்று. "இதற்குச் சான்று என்ன? எத்தனை குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது? பார்த்தவர் யார்? அதன் முடிவில் எவ்வளவு உறுதி?" என்று கேட்டுத் தரம் பிரிக்கிறார்கள். ஒரு செய்தி வந்தால் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று வரிசையாக விசாரித்தே ஏற்பது நம் மதரஸாக்களில் பழகிய பாடம். ஆதலால் இம்முறை நமக்கு வியப்பளிக்க வேண்டியதில்லை. புதிய சான்று வரும்போது பழைய நெறியை மீண்டும் எடுத்து வைத்து ஆராய்கின்றனர். அவ்வாறு ஆராயாமல் காலம் தாழ்த்தினால் என்ன நேரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள்.

தாமதத்தின் விலை

கைக்குழந்தையை எப்படிப் படுக்க வைப்பது? நம் பாட்டிமார்கள் மல்லாத்திப் படுக்க வைப்பார்கள். தூளியில் இட்டாலும் குழந்தை மல்லாந்துதான் கிடக்கும். ஆனால் மேலை நாடுகளில் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கும்படி மருத்துவர்களே பல ஆண்டுகள் அறிவுரை கூறி வந்தனர். பெஞ்சமின் ஸ்பாக் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1956-ஆம் ஆண்டில் தம் நூலின் பதிப்பில் அவ்வாறே எழுதினார். மல்லாந்து கிடக்கும் குழந்தை வாந்தி எடுத்தால் மூச்சடைக்கும் என்பது அவர் கூறிய காரணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றியது. கோடிக்கணக்கான தாய்மார்கள் அந்த நூலைப் படித்தனர், பின்பற்றினர்.

நலமாக உறங்கச் சென்ற குழந்தைகள் விடியும்போது இறந்து கிடப்பது அந்நாடுகளில் தொடர்ந்தது. குப்புறப் படுப்பதற்கும் இந்தத் திடீர் மரணத்துக்கும் தொடர்பு இருக்கிறதென்று ஆய்வுகள் உறுதிப்படுத்திய பின்னரே, 1991-இல் பிரிட்டனிலும் 1994-இல் அமெரிக்காவிலும் "குழந்தையை மல்லாத்திப் படுக்க வையுங்கள்" என்ற பிரசாரம் தொடங்கியது. அமெரிக்காவில் இத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. மருந்து இல்லை, ஊசி இல்லை. படுக்க வைக்கும் முறையை மாற்றியதே போதுமானதாயிற்று!

இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சிலர் 2005-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டனர். 1970-ஆம் ஆண்டிலேயே இருந்த சான்றுகளை யாரேனும் முறையாகத் தொகுத்துப் பார்த்திருந்தால், குப்புறப் படுப்பது ஆபத்து என்பது அப்போதே தெரிந்திருக்கும். பிரிட்டனில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதி ஆகியவற்றில் ஐம்பதாயிரம் குழந்தைகளேனும் காப்பாற்றப்பட்டிருக்கக்கூடும் என்று கண்டனர். சான்று இருந்தது, அதை எடுத்துப் பார்ப்பார் இல்லை. நெறியை மறுபடி ஆராய்வது ஏட்டு வேலை அன்று, உயிர் காக்கும் வேலை என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

ஒரு பொட்டலத்தின் வரலாறு

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1971-ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது அகதிகள் இலட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்துக்குள் வந்து குவிந்தனர். எல்லையோர ஊராகிய பன்காவ் முகாமில் காலரா பரவியது. தரையெங்கும் நோயாளிகள். நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்து போயிற்று. அங்கே பணியாற்றிய குழந்தை மருத்துவர் திலீப் மஹலனோபிஸ், உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் அளவாகக் கலந்து பொட்டலம் கட்டி, நீரில் கரைத்து வாய்வழியே புகட்டச் செய்தார். புகட்டியவர்கள் யார் தெரியுமா? நோயாளிகளின் தாய்மார்களும் உற்றார் உறவினருமே! நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. பின்னாளில், 2022-இல் அவர் காலமான பிறகு, 2023-இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவித்தது.

அத்தகைய கரைசலையே 1975 முதல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் உலகெங்கும் பரப்பின. இதுவே நாம் அறிந்த ஓ.ஆர்.எஸ். இத்தனை உயிர்களைக் காத்த மருந்தை யாரேனும் மாற்றத் துணிவார்களா? துணிந்தார்கள்! காலரா அல்லாத சாதாரண வயிற்றுப்போக்குக்கு அக்கரைசலின் செறிவு சற்று அதிகம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. சோடியம் 90-லிருந்து 75 ஆகவும், குளுக்கோஸ் 111-லிருந்து 75 ஆகவும், மொத்தச் செறிவு 311-லிருந்து 245 ஆகவும் குறைக்கப்பட்டன. 2002-இல் புதிய கரைசல் அறிவிக்கப்பட்டது. அதைப் பருகிய குழந்தைகளுக்கு வாந்தி குறைந்தது. நரம்பு வழியே நீர் ஏற்ற வேண்டிய தேவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2004-இல் துத்தநாக மாத்திரையும் சேர்க்கப்பட்டது: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதினருக்கு 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாட்கள் வரை.

அத்துடன் நின்றதா? இல்லை. 20 மில்லிகிராம் கொடுத்தால் சில குழந்தைகள் வாந்தி எடுக்கின்றன. குறைத்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது. இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் 5, 10, 20 மில்லிகிராம் அளவுகள் ஒப்பிடப்பட்டன. குறைந்த அளவும் பயனில் குறைந்ததன்று, வாந்தியும் குறைவு என்ற முடிவு 2020-இல் வெளியாயிற்று. ஆகவே அளவைப் பொறுத்தவரை உங்கள் மருத்துவரும் கிராம சுகாதாரச் செவிலியரும் இன்று சொல்வதைக் கேளுங்கள். பழைய அட்டையைப் பார்த்துக் கொடுக்காதீர்கள்.

வீட்டிலே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுவதுமாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை ஒரு குவளையில் கண்ணளவாகக் கலக்குவது கூடாது. இரண்டு, கடையில் "ஓ.ஆர்.எஸ்." என்ற பெயர் தாங்கிய இனிப்புப் பானங்களை நம்பி ஏமாறக் கூடாது. உண்மையான பொட்டலத்தில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் மட்டுமே உண்டு. அட்டைப் பெட்டியில் விற்ற பானங்கள் சிலவற்றில் சர்க்கரை அதைப்போல் பல மடங்கு இருந்தது. மிகு சர்க்கரை வயிற்றுப்போக்கை மேலும் கூட்டும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார நிறுவன அளவுப்படி இல்லாத பானங்கள் அப்பெயரைத் தாங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ஒரு தனி மருத்துவரின் விடாமுயற்சி எவ்வளவு சாதிக்கும் என்பதற்கு இது நம் காலத்துச் சான்று.

"ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள், டாக்டர்!"

பிள்ளை சோர்ந்து கிடந்தால் மருத்துவரிடம் நாம் வைக்கும் முதல் வேண்டுகோள் இது. ஏற்றினால்தான் மனம் ஆறுகிறது. ஏற்றாத மருத்துவர் கெட்டிக்காரர் அல்லர் என்றுகூடப் பேசிக்கொள்கிறோம்.

கடுங்காய்ச்சலில் இரத்த ஓட்டம் தளர்ந்த குழந்தைக்கு உப்புநீரை வேகமாக ஏற்ற வேண்டும் என்பது உலகெங்கும் நெறியாகவே இருந்தது. ஆப்பிரிக்காவில் உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில் இதனை முறையாகச் சோதித்தனர். 3,141 குழந்தைகளை மூன்று பிரிவாக்கி, இரு பிரிவினருக்கு வேகமாக நீர் ஏற்றினர். மூன்றாம் பிரிவினருக்கு அவ்வாறு ஏற்றவில்லை. மற்றச் சிகிச்சைகள் மூவருக்கும் ஒன்றே. வேகமாக ஏற்றியதால் நன்மை விளையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். முடிவோ நேர்மாறாயிற்று! இரண்டு நாட்களுக்குள், வேகமாக ஏற்றப்பட்ட பிரிவுகளில் நூற்றுக்கு பத்தரைப் பேர் வீதம் இறந்தனர். ஏற்றப்படாத பிரிவில் 7.3 பேர் வீதமே இறந்தனர். ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. 2011-இல் முடிவு வெளியாயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அவசர சிகிச்சை நெறியைப் புதுப்பித்து, நீர் ஏற்றுவதில் எச்சரிக்கையை வலியுறுத்தியது.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளலாகாது. வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு நீர் ஏற்றுவது உயிர் காக்கும். டெங்குவிலும் குறிப்பிட்ட கட்டத்தில் அது தேவைப்படும். அங்கேயும் அளவு மீறினால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து ஆபத்தாகும். எப்போது, எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதே கேள்வி. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். வற்புறுத்த வேண்டியவர் நாம் அல்லர். "பாட்டில் தேவையில்லை, வாய்வழியே கொடுங்கள்" என்று சொல்லும் மருத்துவர் உங்கள் பிள்ளையை அலட்சியம் செய்யவில்லை. அவர் நெறியைப் படித்திருக்கிறார்.

இருமல் மருந்து: நெறி இருந்தும் நேர்ந்த கொடுமை

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீர் நின்று, சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சு உயிர்கள் பறிபோயின. சாதாரணச் சளி இருமலுக்காகக் கொடுக்கப்பட்ட "கோல்ட்ரிஃப்" என்ற மருந்தே காரணம் என்று தெரியவந்தது. அது தயாரானது எங்கே? நம் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில்! தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, அந்தத் தொகுதி மருந்தில் டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் நூற்றுக்கு 48.6 பங்கு இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 பங்குதான். அக்டோபர் தொடக்கத்தில் மாநில அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. பின்னர் நிறுவனத்தின் உரிமமும் இரத்தாயிற்று.

இது புதிய நஞ்சும் அன்று. 1937-இல் அமெரிக்காவில் இதே நச்சுப்பொருள் கலந்த மருந்தால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் விளைவாகவே மறு ஆண்டு அங்கே கடுமையான மருந்துச் சட்டம் பிறந்தது. 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் சுமார் எழுபது குழந்தைகளின் மரணத்துடன் இந்தியாவில் தயாரான இருமல் மருந்துகள் தொடர்புபடுத்தப்பட்டன.

நஞ்சு கலந்தவர்களைச் சட்டம் விசாரிக்கட்டும். நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறொன்று உண்டு. அந்தக் குழந்தைகளுக்கு அந்த மருந்து தேவைதானா? இருமல் சளிக்கான கலவை மருந்துகளைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே பேசப்பட்டுவிட்டது. அமெரிக்கா 2008-இல் இரண்டு வயதுக்குட்பட்டோருக்கும், பிரிட்டன் 2009-இல் ஆறு வயதுக்குட்பட்டோருக்கும் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது என்றன. 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குளோர்பெனிரமின், ஃபீனைலெஃப்ரின் ஆகிய இரண்டும் சேர்ந்த குறிப்பிட்ட கலவையை நான்கு வயதுக்குட்பட்டோருக்குத் தரக் கூடாது என்று புட்டியின் மேலே அச்சிடும்படி கூறியது. சிந்துவாராத் துயரத்துக்குப் பின் 2025 அக்டோபர் 3-ஆம் நாள், மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் இயக்ககம் தெளிவாகவே அறிவித்தது: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல் சளி மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படவில்லை.

காரணம் எளிது. குழந்தையின் சளி இருமலில் பெரும்பாலானவை சில நாட்களில் தாமே அடங்கும். அந்த மருந்துகள் நோயின் நாட்களைக் குறைப்பதில்லை. தூக்கத்தையும் படபடப்பையும் மட்டும் தருகின்றன. நெறி எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அது மருந்துக் கடையின் பலகையைத் தாண்டி, நம் அலமாரியை எட்டவில்லை. எட்டாத நெறி இருந்தும் இல்லாததே.

ஆகவே இதைப் படித்து முடித்ததும் எழுந்து சென்று உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். பாதி தீர்ந்த இருமல் புட்டிகளை அப்புறப்படுத்துங்கள். கற்பூரமும் மென்தாலும் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ தேய்க்காதீர்கள். அது எந்த நாட்டிலிருந்து வந்திருந்தாலும் சரி. ஒரு வயது கடந்த குழந்தையின் இருமலுக்குச் சிறிது தேனும் வெதுவெதுப்பான நீருமே போதும் என்று இன்றைய நெறிகள் கூறுகின்றன.

மூச்சை எண்ணுங்கள்

"எது சாதாரணச் சளி, எது நிமோனியா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. அதற்கும் எளிய நெறி உண்டு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள்.

இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல்;
2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல்;
ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல்.

இவ்வாறு இருந்தால் அது வேக மூச்சு. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்குவதும் ஆபத்தின் அடையாளமே. பால் குடிக்க இயலாமை, எதைக் கொடுத்தாலும் வாந்தி, வலிப்பு, எழுப்பியும் எழாத மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது, 108-ஐ அழையுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலோ, உடல் சில்லிட்டாலோ அதுவும் அவசரமே.

பிறந்த குழந்தையின் நாவில்

குழந்தை பிறந்ததும் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாவில் வைப்பது தமிழகத்தில் எல்லாச் சமூகத்தாரிடமும் உள்ள பழக்கம். நம் வீடுகளில் பேரீச்சம்பழத்தை மென்று அண்ணத்தில் தடவும் தஹ்னீக் உண்டு. அதற்கு மாற்றாக, எளிதாகக் கிடைக்கிறதென்று தேனைத் தடவுவோர் பலர். இங்கேதான் கவனம் வேண்டும். தேனில் சில வேளைகளில் ஒளிந்திருக்கும் ஒருவகைக் கிருமி வித்து, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலற்றதாக்கும் கொடிய நோயை உண்டாக்கக்கூடும். மேலே இருமலுக்கு நல்லதென்று சொன்ன அதே தேன், ஒரு வயதுக்குள் ஆகாதது! குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை ஆகியோருக்கு நாவில் எதையும் தடவுமுன் மருத்துவரைக் கேட்பதே பொறுப்பு. மார்க்க விளக்கம் வேண்டுமெனில் உங்கள் ஊர் ஆலிமைக் கேளுங்கள்.

தாய்ப்பாலைப் பற்றிய நெறியும் மாறியதுதான். நான்கு முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்றிருந்ததை, 2001-இல் உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் முழுமையும் என்று திருத்தியது. அதுவரை தண்ணீரும் வேண்டாம், வயிற்றுவலி மருந்தென்று விற்கும் இனிப்புத் திரவமும் வேண்டாம், வசம்பும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் தொடங்கி, ஆறு மாதத்துக்குப் பின் மற்ற உணவுடன் இரண்டு ஆண்டுகள் வரையும் அதற்கு மேலும் தொடரலாம் என்கிறது நெறி. பாலூட்டலின் முழுமைக்கு இரண்டு ஆண்டுகள் என்று அருள்மறையில் ஓதி வரும் நமக்கு இது அந்நியமான செய்தியா என்ன?

மாறுவதை நம்பலாமா?

"இன்று ஒன்று சொல்கிறார்கள், நாளை வேறொன்று சொல்கிறார்கள். இவர்களை எப்படி நம்புவது?" இக்கேள்வியைப் பள்ளிவாசல் திண்ணையில் பலமுறை கேட்டிருக்கிறேன். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழகத்தில் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வழியே வதந்திகள் பரவிப் பல பெற்றோர் அஞ்சி ஒதுங்கியதை நாம் மறந்துவிடவில்லை. அன்று கேட்கப்பட்டதும் இதே கேள்விதான்.

எண்ணிப் பாருங்கள். மேலே சொன்ன மாற்றங்களில் எது இரகசியமாக நடந்தது? ஒவ்வொன்றிலும் எத்தனை குழந்தைகளிடம் பார்த்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு அச்சேறியிருக்கிறது. "நாங்கள் இதுவரை கூறியது சரியன்று" என்று வெளிப்படையாகச் சொல்ல அவர்கள் கூசவில்லை. ஆனால் வதந்தி தன் தவறை என்றேனும் ஒப்புக்கொண்டதுண்டா? அதற்கு எண்ணும் இல்லை, ஏடும் இல்லை, சொன்னவர் பெயரும் இல்லை. தன்னைத் திருத்திக்கொள்ளும் அறிவே நம்பத்தக்க அறிவு.

மாறாதவையும் உண்டு என்பதை மறக்கலாகாது. தாய்ப்பால், கை கழுவுதல், தூய குடிநீர், உரிய காலத்தில் தடுப்பூசி ஆகிய இவற்றின் பயனை எந்த மறு ஆய்வும் குறைக்கவில்லை; மேலும் உறுதிப்படுத்தவே செய்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

நம் புதுக்கோட்டை மண்ணில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, மருத்துவம் படிக்கச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. 1912-இல் அவர் பட்டம் பெற்று வெளிவந்தபோது பெண் மருத்துவர் என்பதே அதிசயம். இன்று அதே புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சிற்றூர்களிலும் ஆரம்ப சுகாதார நிலையம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஐயம் எழுந்தால் 104 என்ற எண்ணில் அழைத்து அறிவுரை கேட்கலாம். கேட்பதற்கு வழி இருக்கும்போது கேளாமல் இருப்பது நம் குற்றமாகிவிடும்.

பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்காதீர்கள். ஒரு பிள்ளையின் மருந்தை மற்றொரு பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் சென்றால் தயங்காமல் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: "இந்த மருந்து கட்டாயம் தேவையா? இந்த வயதுக்குக் கொடுக்கலாமா? எந்த அறிகுறி கண்டால் திரும்பி வர வேண்டும்?" நல்ல மருத்துவர் இதற்குச் சினம் கொள்ள மாட்டார். மருந்து வாங்கியதும் புட்டியின் மேல் அச்சிட்டுள்ள வயது, அளவு, காலாவதி நாள் ஆகியவற்றைப் படியுங்கள். படிக்கத் தெரியாத நன்னிமார்களுக்கு வீட்டில் படிக்கும் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். தாய் சேய் நல அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பாதுகாக்க வேண்டிய தாள் அதுவே. தந்தை வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களில் முடிவெடுக்கும் பொறுப்பு தாயின் தோளிலேயே இருக்கிறது. தொலைபேசியில் வரும் யோசனைகளைவிட எதிரே அமர்ந்து குழந்தையின் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்க்கும் மருத்துவரின் சொல்லுக்கு மதிப்பளியுங்கள்.

குழந்தை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தனக்கு என்ன புகட்டப்படுகிறது என்று கேட்க அதற்கு வாய் இல்லை. அதற்காக நாம் கேட்போமாக!